யெர்கோ மூடிய மூடி

எட்டு வருஷமாக என் புருஷனை ஊரில் 'தானா நசுங்குனவன்' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தவன் யெர்கோ. இதற்குப் பதிலடி கொடுக்காமல் என் கட்டை வேகாது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் மலைச்சரிவுத் திராட்சையெல்லாம் ஊர்ச் சங்கத்தின் நிலவறையில்தான் மதுவாகும். யெர்கோ அதற்குத் தலைவன். என் லூக்ஷா அங்கே தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவர். ஒரு நவம்பர் பிற்பகல், புது எஃகுத் தொட்டியிலிருந்து பம்பு வைத்து அவர் மதுவை இறக்கிக்கொண்டிருந்தார். பாதி இறங்குவதற்குள் தொட்டி பெரும் சத்தத்தோடு உள்வாங்கி நசுங்கிவிட்டது. யாரும் தொடவில்லை, தானாகவே நசுங்கியது என்றார் லூக்ஷா. குடித்துவிட்டு வண்டியால் இடித்திருக்கிறான் என்றான் யெர்கோ. எஃகு தானாக நசுங்குமா என்று ஊரே சிரித்தது. வேலை போனது. அதன்பிறகு லூக்ஷா நிலவறைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

போன ஆகஸ்டில் காலி எண்ணெய் டின் ஒன்றைக் கொதிதண்ணீர் விட்டுக் குலுக்கிக் கழுவினேன். தண்ணீரைக் கொட்டியதும் ஏதோ நினைப்பில் மூடியைத் திருகி வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில், என் கண்ணெதிரே, டின் படபடவென்று ஒடுங்கியது.

அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட டீச்சர் தேசாவிடம் ஓடினேன். நம் தலைக்கு மேலே இருக்கிற காற்றுக்கு எடை உண்டு, அது எல்லாவற்றையும் எல்லாப் பக்கமும் அழுத்துகிறது, உள்ளேயும் காற்று இருந்து எதிர்த்துத் தள்ளுவதால் நமக்குத் தெரிவதில்லை என்றாள். டின்னுக்குள் நிறைந்திருந்த ஆவி ஆறித் தண்ணீரானதும் எதிர்த்துத் தள்ள ஒன்றும் இல்லை. தொட்டியின் மேல்மூடியை இறுக்கிவிட்டு அடியில் மதுவை இறக்கினாலும் இதே கதிதான் என்றாள்.

லூக்ஷா மூடியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் பம்பைப் போடுவார். அவர் கீழே நின்றபோது யாரோ மேலே ஏறி மூடியிருக்கிறார்கள். அன்று யூகோ அடித்த நாள். அந்த ஈரத் தெற்குக் காற்று வந்தால் எங்கள் ஆட்களுக்குத் தலைவலி, மூட்டுவலி, வீட்டுக்கு வீடு சண்டை. மது கெட்டுவிடும் என்று கண்ட திறப்பையெல்லாம் அடைப்பார்கள். நிலவறையில் அந்த வேலை யெர்கோவுடையது என்று எனக்குத் தெரியும். அதை அவன் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

மார்ட்டின் திருநாள் வரை யாரிடமும் மூச்சுவிடவில்லை. அன்றுதான் புது மதுவை ஆசீர்வதிக்க ஊரே நிலவறையில் கூடும். என் நல்ல நேரம், அன்றும் யூகோ. ஓரத்து அடுப்பில் ஒரு டின்னில் கொஞ்சம் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, யெர்கோவிடம் போனேன்.

"யெர்கோ அண்ணே, இந்தக் காத்துல தொட்டி மூடியெல்லாம் திறந்தா கெடக்கு?"

"யாரு சொன்னா? யூகோ அடிச்சா மொத வேலையா நானே ஏறி மூடிருவேன். முப்பது வருஷத்துல ஒருநாள் தப்புனதில்ல."

"நசுங்குச்சே அந்தப் புதுத் தொட்டி, அதையுமா?"

"அதையுந்தான். ஒம் புருஷன் பப்பரப்பான்னு திறந்து போட்டிருந்தான். நாந்தான் இறுக்கி மூடுனேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆவி பறக்கும் டின்னை இறக்கி அவன் முன்னால் வைத்து, ஒரு துணியையும் மூடியையும் நீட்டினேன்.

"இதையும் அதே மாதிரி மூடுங்கண்ணே."

பொம்பளைப் புத்தி என்று முனகிக்கொண்டே இறுக்கித் திருகினான். ஒரு வாளி பச்சைத்தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் தொட்டி எப்படி ஒடுங்கியதோ, அப்படியே ஒடுங்கியது. யாரும் தொடவில்லை.

சிரிப்பு நின்றுவிட்டது. காரணத்தை தேசா டீச்சர் எடுத்துச் சொன்னாள். பாதிரியார் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார். ஒவ்வொரு தலையாக யெர்கோ பக்கம் திரும்புவதை நான் ஆசைதீரப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்திருந்தது. யூகோ நாளில் செய்த பிழையைப் பெரிதுபடுத்தாமல் விடுவது எங்கள் ஊர் வழக்கம். அதைத்தான் பிடித்துக்கொண்டான்.

"யூகோ அன்னிக்கு நடந்தது, பெரினா. மனசுல வச்சுக்காத."

"இன்னைக்கும் யூகோதாண்ணே. நான் பண்ணுனதையும் மனசுல வச்சுக்காதீங்க."

நசுங்கிய டின்னை வீட்டுக்குக் கொண்டுபோய் லூக்ஷா மடியில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்திருந்தேன். டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், என்னை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"அன்னிக்கு நான் வந்து சொன்னப்போ, மொதல்ல என் வாயத்தானே நீ மோந்து பாத்த?"