உள்ளே விட்ட துணி

அத்தானைக் கையும் களவுமாகப் பிடித்த அன்று, அவர் அக்காவின் பச்சை நைட்டியை உட்புறமாகத் திருப்பிப் போட்டு, விலாப் பக்கம் தையல் ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டின் முன்னறைதான் அவர்கள் இருவரின் தையல் கடை. அவர் வெட்டுவார், அவள் தைப்பாள். கல்யாணமானதிலிருந்து அதுதான் ஏற்பாடு. அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபிறகு கடைக்கு யாரும் வருவதில்லை.

"என்னத்தான் பண்றீங்க?"

பேயறைந்தவர் மாதிரி பார்த்தார். "சத்தம் போடாதே பாப்பா. துணி தொளதொளன்னு ஆச்சுன்னா இளைக்கிறது அவளுக்குத் தெரிஞ்சுடும்ல. அதான், காயப்போட்டதை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாப் பிடிச்சு விடறேன்."

எனக்குச் சுருக்கென்றது. அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்த நாளிலிருந்து, "நைட்டி எல்லாம் அப்படியே கச்சிதமா இருக்கு, நீ ஒண்ணும் இளைக்கலை" என்று வாய் ஓயாமல் சொல்லிவந்தவள் நான்தான். அவளும் சிரித்துக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள். வாயில்லாப் பூச்சி என்று நான் நினைத்திருந்த மனுஷன் எங்கள் இருவர் காதிலும் பூச்சுற்றியிருக்கிறார். கோபம் வரவேண்டும், அழுகைதான் வந்தது. அன்றிலிருந்து நானும் கூட்டுக்களவாணி. கொடியிலிருந்து எடுத்த துணியை நேராக அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒருநாள் காலை, மாற்றிக்கொள்ள நீல நைட்டியை அவளிடம் நீட்டினேன். அவள் அதை மடியில் வைத்து உட்புறத்தைத் திருப்பினாள். தையலோரமாக விரலால் தடவிக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அவரைக் கூப்பிடு."

அத்தான் வந்து வாசற்படியிலேயே நின்றார்.

"உங்க தையல் எனக்குத் தெரியாதா? கோணலும் மாணலுமா... முதல் நாளே பார்த்துட்டேன். மிச்சத் துணிய வெட்டாம உள்ளயே விட்டிருந்தீங்க. சரி, நான் தேறினா பிரிச்சு விடலாம்னு மனுஷன் நினைக்கிறாருன்னு இருந்துச்சு. தினம் அதைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் போட்டுக்குவேன்." நைட்டியை அவர் பக்கம் நீட்டினாள். "இதுல வெட்டிட்டீங்களே."

எட்டிப் பார்த்தேன். தையலை ஒட்டி ஒரு நூல்கூட மிச்சமில்லாமல் கத்தரித்திருந்தது. இனி அதைப் பெரிதாக்கவே முடியாது. இவரே கைவிட்டுவிட்டாரா என்றுதான் எனக்கும் தோன்றியது.

"உன் விலாவுல சிவந்து கிடந்துச்சு," என்றார். "உள்ள இருந்த துணிதான் உறுத்துது, படுத்தா வலிக்குமேன்னு வெட்டினேன். சத்தியமா வேற எதுவும் நினைக்கலை." தலையில் அடித்துக்கொண்டார். "எனக்கு இது தோணவே இல்லையே!"

அக்கா தன் விலாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"தேறினா நான் எதைப் போட்டுக்கறது?"

"புதுசா ஒண்ணு தைச்சாப் போச்சு."

"யாரு, நீங்களா?" அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் வெட்டறேன். தைக்கிறது நீதானே?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டிலைப் பிடித்து எழுந்தாள். ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டேன்.

"அப்ப அளவு எடுங்க."

அத்தான் நாடாவைக் கொண்டுவந்தார். அவள் கைகளைத் தூக்கினாள். நாடாவைச் சுற்றியதும், துணி உடம்பைப் பிடிக்காமலிருக்க எல்லாருக்கும் செய்வதுபோல ஒரு விரலை உள்ளே விட்டு இழுத்தார்.

"தளர்த்தியாப் பிடிங்க."

இன்னொரு விரலை விட்டார்.

"இன்னும்."

உள்ளங்கையையே அவள் விலாவின்மேல் பதித்து, அதற்கும் மேலாக நாடாவைச் சுற்றிப் பிடித்தார். அளவைப் படிக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. தூக்கியிருந்த அக்காவின் கைகள் மெல்ல இறங்கி அவர் தோள்களின்மேல் படிந்தன.