சிவப்பு லைட்டு எரியற வரைக்கும்

உலக சினிமா இயக்கங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தப் பாணியில் ஒரு குறும்படம் எடுத்து வர வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் சொன்னதும், வகுப்பில் பாதிப் பேர் ஜெர்மன் எக்ஸ்பிரஷனிசத்தில் போய் விழுந்தார்கள். பெரிய ஆராய்ச்சியெல்லாம் இல்லை. டார்ச்சைக் கீழேயிருந்து முகத்தில் அடித்து, கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் வேலை முடிந்தது என்று நினைப்பு. நிதீஷ் பிரெஞ்சு நியூ வேவ் எடுத்தான். அவன் படத்தில் ஒருவன் ஆர்.எஸ்.புரத்தில் புரோட்டா தின்கிறான். நடுநடுவே வெட்டி வெட்டி ஒட்டியிருக்கிறான். எதற்கு என்று கேட்டால், "அது ஜம்ப் கட், உனக்குப் புரியாது தாரணி" என்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் இத்தாலிய நியோ ரியலிசம் என்று எழுதிக் கொடுத்தேன். போர் முடிந்த நாட்டில் ஸ்டூடியோவும் இல்லை, விளக்கும் இல்லை. தெருவில் இறங்கி, நடிக்கத் தெரியாத நிஜ ஆட்களை வைத்து, நிஜ வீடுகளில் எடுத்தார்கள். அதோடு நானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: முழுப் படமும் ஒரே ஷாட், வெட்டே கிடையாது. பேராசிரியருக்கு ரொம்ப சந்தோஷம். எனக்கு இத்தாலியும் தெரியாது, போரும் தெரியாது. என் அக்காவை எங்கள் வீட்டுக்குள் கூட்டிவர வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

அக்கா சண்முகப்பிரியா போத்தனூரில் ரயில்வேயில் வேலை பார்க்கும் ரங்கராஜைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் வேறு சாதி. அன்றோடு எங்கள் துடியலூர் வீட்டின் கேட் அவளுக்கு மூடிக்கொண்டது. மூடியது அப்பா என்று சொல்ல முடியாது. அப்பா பாலுசாமியும் அவருடைய அண்ணன் சென்னகிருஷ்ணனும் சேர்ந்து ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார்கள். பெரியப்பாவின் வீடு அடுத்த காம்பவுண்டு. "அந்தப் புள்ள உன்ற வாசலை மிதிச்சா, நாங்க யாரும் மிதிக்க மாட்டோம். கோயிலுக்கும் உன்னையச் சேர்க்க மாட்டோம்" என்று பெரியப்பா ஒரே ஒரு தடவை சொன்னார். அப்பா அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. இப்போது ரங்கராஜுக்கு அசாம் பக்கம் மாற்றலாகிவிட்டது. வருகிற வாரம் கிளம்புகிறார்கள். அதற்குள் அவள் ஒரு தடவையாவது உள்ளே வந்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி.

எங்கள் ஊரில் "வாங்க" என்ற சொல்லுக்கு இருக்கிற மரியாதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. வீட்டுக்கு ஒருவர் வந்தால் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக "வாங்க" சொல்ல வேண்டும். காலையில் பார்த்தவரே சாயங்காலம் வந்தாலும் சொல்ல வேண்டும். கல்யாண மண்டபத்தில் ஒருவரைக் கவனிக்காமல் விட்டதற்காகத் தலைமுறை கணக்கில் பேசாமல் இருக்கிற குடும்பங்கள் உண்டு. போகும்போது "போயிட்டு வாரேன்" என்று சொன்னாலும், பதிலுக்கு "வாங்க" என்றோ "வா" என்றோ சொல்லித்தான் அனுப்ப வேண்டும். அப்பா இதில் கெட்டி. கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவருக்குச் சொல்வார், கூரியர்க்காரருக்குச் சொல்வார், ஓட்டு கேட்டு வரும் எல்லாக் கட்சிக்கும் சொல்வார். பெற்ற பெண்ணுக்கு மட்டும் சொல்லவில்லை.

ஆகவே என் கதை இதுதான். மகள் ஒருத்தி நெடுநாள் கழித்து வீட்டுக்கு வருகிறாள். அப்பா பேசாமல் பார்க்கிறார். பிறகு "வா" என்கிறார். அம்மா தண்ணீர் கொடுக்கிறாள். மகள் உள்ளே போய்ச் சாப்பிட உட்காருகிறாள். படம் முடிந்தது.

"அப்பனா நீங்க நடிக்கோணும், அம்மாவா அம்மா. மகளா அக்கா வரட்டுங்களா?" என்று கேட்டேன்.

அப்பா டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார். அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

"படத்துக்குத்தானே அம்மணி?"

"படத்துக்குத்தானுங்கப்பா. இதுக்குத்தான் மார்க்கே."

"அப்பச் சரி. அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வாரேன்."

காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் பெரியப்பா சரி என்றுவிட்டாராம். தம்பி மகள் படிப்பு கெடக் கூடாது, படம்தானே, பண்ணட்டும் என்றாராம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். என் கணக்கு இதுதான்: அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. அவர் வாயிலிருந்து "வா" என்று வந்துவிட்டால், அது கேமராவுக்காக வந்ததாக இருந்தாலும் வந்ததுதான். சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ளவா முடியும்?

ஒத்திகைக்கு அஃபான் வந்தான். என் வகுப்புதான், உக்கடத்துப் பையன். வகுப்பிலேயே கை நடுங்காமல் கேமரா பிடிக்கிறவன் அவன் ஒருவன்தான். அக்கா இடத்தில் அம்மாவை நிற்கவைத்துப் பார்த்தோம். கூத்துதான். அம்மா கேட்டைத் திறப்பதற்குள் அப்பா "வாங்க" என்றுவிட்டார்.

"அப்பா, கொஞ்ச நேரம் பேசாம இருக்கோணும். அப்பறம்தான் சொல்லோணும்."

"வர்றவங்களை எப்படி அம்மணி சும்மா பார்த்துக்கிட்டே இருக்கறது? நல்லாவா இருக்கும்?"

அஃபான் கேமராவை எடுத்துக்கொண்டு கேட்டிலிருந்து திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும் அவனுக்கும் "வாங்க தம்பி" நடந்தது. அவனும் சளைக்காமல் "வாரேனுங்க அங்கிள்" என்றான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். இதைவிடப் பெரிய தொல்லை, அப்பா நிமிஷத்துக்கு ஒரு தடவை கேமராவைத் திரும்பிப் பார்த்து "முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டதுதான்.

"கேமராவைப் பார்க்காதீங்கப்பா" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. கடைசியில் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். "இங்க பாருங்க, முன்னால சின்னதா செவப்பு லைட்டு எரியுதல்லங்க? அது எரியற வரைக்கும் படம். அணைஞ்சா முடிஞ்சுது. அது வரைக்கும் நீங்க நடிக்கவே வேண்டாம். நெசமா இருங்க, போதும்."

"எரியற வரைக்கும் படம்" என்று அப்பா பாடம் படிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டார். சாயங்காலம் காம்பவுண்டுச் சுவரோரம் நின்று பெரியப்பாவுக்கும் அதையே விளக்கிக்கொண்டிருந்தார்.

படம்பிடிக்கிற அன்று அம்மா விடிந்ததிலிருந்து அடுப்படியை விட்டு வரவில்லை. அரிசிம்பருப்புச் சோறு, கத்தரிக்காய் பொரியல், வடை, பாயசம். எல்லாம் அக்காவுக்குப் பிடித்தவை. "ஒரு பிடி சோறு போதும்மா, படத்துக்கு எதுக்கு இத்தனை?" என்றேன்.

"நெசமா இருக்கோணும்னு நீதான சொன்ன?" என்று அம்மா வெடுக்கென்று திருப்பிக் கேட்டாள்.

அக்காவை ரங்கராஜ் பைக்கில் கொண்டுவந்து ரோட்டு முக்கில் இறக்கிவிட்டு, அங்கேயே வெயிலில் நின்றுகொண்டார். பெரியப்பா தன் காம்பவுண்டுச் சுவரில் கையை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அஃபான் கேமராவைத் தோளில் ஏற்றினான். "ஒரே பேட்டரிதான் தாரணி. இன்னொன்னை நிதீஷ் வாங்கிட்டுப் போயிட்டான்" என்றான். புரோட்டா தின்பதை இன்னொரு தடவை எடுக்கிறானாம். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆக்‌ஷன்" என்றேன்.

அக்கா கேட்டைத் திறந்தாள். அப்பா போர்டிகோவில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பேசவில்லை. ஒத்திகையில் ஒரு நொடிகூடப் பேசாமல் இருக்க முடியாத மனிதர், இப்போது பேசவே இல்லை. நான் எழுதியிருந்த மௌனம் முடிந்தும் அவர் மௌனம் முடியவில்லை. அக்கா கேட்டைப் பிடித்தபடியே நின்றாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

பேப்பர் கீழே விழுந்தது. அப்பா எழுந்து படியிறங்கி வந்தார்.

"வா கண்ணு. இந்த வெயில்ல வந்திருக்கியே, உள்ள வா சாமி."

நான் எழுதியது "வா" மட்டும்தான். மீதி அவருடையது. அம்மா சொம்புத் தண்ணீரோடு வந்து, கொடுக்காமல் சொம்பைப் பிடித்துக்கொண்டே அழுதாள். அஃபான் ஓசையில்லாமல் பின்னால் போனான். அக்கா உள்ளே போனாள். அவள் கைபட்டுப் பெயிண்ட் போன அதே கதவைத் தாண்டிப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள். நான் கட் சொல்ல வேண்டிய இடம் அதுதான். அஃபான் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், மாட்டேன் என்று.

அவனுக்குப் புரிந்துவிட்டது. கேமரா ஓடியது.

அப்பா நெய்க் கரண்டியைத் தானே எடுத்துக்கொண்டு பரிமாறினார். "இன்னும் கொஞ்சம் போட்டுக்க. இளைச்சுப்போயிட்ட." அக்கா தலையைக் குனிந்தபடி சாப்பிட்டாள். "அங்க பயங்கரமாக் குளிருமாமல்ல? கம்பளி வாங்கியாச்சா?" என்றார். மாற்றல் விஷயம் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நானும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. இந்த மனிதர் எங்கே போய் விசாரித்தாரோ! கேட்டுக்கொண்டே அவர் ஓரக்கண்ணால் கேமராவைப் பார்த்தார். சிவப்பு லைட்டு எரிந்துகொண்டிருந்தது. உடனே அடுத்த கேள்வியைக் கேட்டார். அப்படிப் பார்த்துப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"மாப்பிள்ளை எங்க?"

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அக்கா சாப்பிடுவதை நிறுத்தினாள். "ரோட்டு முக்குல நிக்கறாருங்கப்பா."

"வெயில்லயா? அடக் கடவுளே! தாரணி, ஓடு, போய்க் கூட்டியா."

ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை. ரங்கராஜ் நம்பவில்லை. "உங்க அப்பாவா? என்னையவா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். அவர் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தேன். வாசலில் அப்பா நின்றிருந்தார், மாப்பிள்ளையை எதிர்கொள்ள வந்தவர் மாதிரி, நெய்க் கரண்டியோடு. பின்னால் சோற்றுக் கையோடு அக்கா. பக்கத்தில் கேமராவோடு அஃபான். ரங்கராஜ் கேட்டில் கை வைத்தார்.

இதற்கு மேல் நடந்தது எதுவும் படத்தில் இல்லை.

"பாலு" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பெரியப்பா கூப்பிட்டார். அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். "லைட்டு அணைஞ்சுபோச்சு."

அப்பா திரும்பிக் கேமராவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது.

"ஏனுங் தம்பி, வேற பேட்டரி இருக்குதுங்களா?" என்று அப்பா கேட்டார். கெஞ்சுகிற குரல். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"இல்லீங்க அங்கிள்" என்றான் அஃபான். அவன் கண் கலங்கிவிட்டது. "இனிச் சார்ஜ் போட்டாத்தானுங்க."

நான் என் செல்போனை எடுத்து நீட்டினேன். "அப்பா, இதுல எடுக்கறனுங்கப்பா. படம் ஓடுதுங்கப்பா. சொல்லுங்க, அவரு வந்து நிக்கறாரு, ஒரு வார்த்தை சொல்லுங்க!"

அப்பா போனைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அதுல செவப்பு லைட்டு இல்லியே கண்ணு" என்றார்.

ரங்கராஜ் கேட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அக்கா கை கழுவாமலே படியிறங்கி வந்தாள். அம்மா உள்ளே எங்கோ சுவரில் முட்டிக்கொண்டு அழுவது கேட்டது. கத்த வேண்டும் போல இருந்தது எனக்கு. பெரியப்பாவைப் பார்த்துக் கத்துவதா, அப்பாவைப் பார்த்துக் கத்துவதா, இல்லை லைட்டுக் கணக்கைக் கற்றுக்கொடுத்த என்னையே திட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

அக்கா அப்பாவின் எதிரே வந்து நின்றாள்.

"போயிட்டு வாரேனுங்கப்பா."

அப்பா பதில் சொல்லவில்லை. கரண்டியைப் பிடித்தபடி, மறுபடி எரிந்துவிடாதா என்று கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றார். கேமராவைப் பார்க்காதீங்கப்பா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.