கல்லுக்கு மாலை இல்லை

மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்து மேட்டில், ஜப்பான்காரன் காலத்தில் பால்மரம் சீவிய ஆட்களை வரிசையாக நிறுத்தித் தலை வெட்டிய இடம் இருந்தது. வெட்டுண்டவர்களில் ஒருவர் சன்னாசி. அவருடைய பேத்தி கலாதேவி, ஐம்பது தாண்டியவள், ஈப்போவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. ஆண்டுதோறும் அந்த நாளில் வருவாள், லாலான் புல்லை விலக்கிப் பூச்சரம் வைத்துக் கும்பிட்டுப் போவாள். யாரும் தடுத்ததில்லை; யாருக்கும் அந்த இடம் வேண்டியிருந்ததில்லை.

இந்த ஆண்டு எல்லோருக்கும் வேண்டியிருந்தது. நினைவுக்கல் எழும்பிவிட்டது. சுற்றிலும் பளிங்குத் தரை, கூடாரம், மெத்தை நாற்காலி. கலாதேவியைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தினார்கள். சிறப்பு விருந்தினர் வந்து போனபிறகு வைக்கலாமாம். அவளோ மதிய ஷிப்ட்டுக்குக் கிளம்பியாக வேண்டும்.

விருந்தினர் தாமதமாக வந்தார், தனியாகவும் வரவில்லை. நினைவுக்கல் குழுத் தலைவர் குலசிங்கம், ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி, ஒருவரையும் விட்டுவிட மனமில்லாதவர். விருந்தினருக்கு மாலை, செயலாளருக்கு மாலை, மைத்துனருக்கு மாலை. கார் ஓட்டி வந்தவர் மேடையோரம் நிழலுக்கு ஒதுங்க, அவருக்கும் மாலை. உயிரோடிருந்தவர்கள் எல்லோரும் கழுத்து நிறைந்து உட்கார்ந்தபின், அடுத்து நினைவுக்கல்லுக்கு மாலை என்று ஒலிபெருக்கி அறிவித்தது. தட்டில் வாழையிலை மட்டும் கிடந்தது.

விருந்தினர் தாராள மனசுக்காரர். தன் கழுத்து மாலையையே கழற்றினார். கூட்டம் முணுமுணுத்தது. ஒருவர் போட்டுக் கழற்றியதைச் செத்தவர்களுக்குப் போடுவதாவது.

குலசிங்கம் கயிற்றோரம் வந்தார். "பிள்ளை, உங்கட பூவைத் தாறீங்களா? அவர் கையால வைக்கட்டும்."

தாத்தாவுக்கென்று விடியுமுன் கட்டிய சரம். கூட விழுந்தவர்களுக்குப் பேத்திகள் வந்திருக்கிறார்களோ என்னவோ என்று கலாதேவி நினைத்தாள்.

"எடுத்துக்குங்க ஐயா. எல்லாருக்குமா இருக்கட்டும். ஆனா சப்பாத்தோட ஏறக்கூடாதுலா. அவங்க தலை விழுந்த இடம்."

விருந்தினர் காலணியைக் கழற்றினார். உச்சி வெயிலில் பளிங்கு கொதித்தது. ஒரு காலை வைத்தார், எடுத்தார், மறுகாலை வைத்தார், திரும்பிச் சப்பாத்தைத் தேடினார். குழு முழுவதும் தத்தம் கால்களைப் பார்த்துக்கொண்டது.

குலசிங்கம் தன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, விருந்தினர் மேசைத் தண்ணீர்ப் போத்தல்களை அள்ளிவந்து, கயிற்றிலிருந்து கல்வரைக்கும் ஊற்றினார். கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்.

"நீங்களே வையுங்கோ, பிள்ளை. காய முன்னம் போங்கோ."

கலாதேவி ஈரத்தில் நடந்தாள். சரம் கல்லைச் சுற்ற எட்டவில்லை. அடியில் வைத்துக் கண்ணை மூடினாள். ஒலிபெருக்கி, மாலை அணிவித்த சிறப்பு விருந்தினருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. அவள் கும்பிட்டு முடிக்கும்வரை குலசிங்கம் காலை மாற்றி மாற்றி வைத்தபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றார்.