பின்னால் வருகிறவன்

பேக்கரிக்காரனின் பைக்கில், பின் மட்கார்டுக்கு அடியில், வெள்ளைச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் ஆயில் மாற்றச் சொல்லி வண்டியை என் பட்டறையில் விட்டுவிட்டுப் போயிருந்தான். நான் என் சொந்த வண்டியின் பின் சக்கரத்துக்குப் பஞ்சர் ஒட்டி, திரும்ப மாட்டிக்கொண்டிருந்தேன். நட்டைக் கையால் நாலு சுற்று சுற்றியிருப்பேன். அப்போதுதான் அந்த வெள்ளை கண்ணில் பட்டது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன்.

எங்கள் ஊர் மண் கறுப்பு. வெள்ளை மண் எனக்குத் தெரிந்து ஒரே இடத்தில்தான் இருக்கிறது. எழுபது கிலோமீட்டர் தள்ளி, சுண்ணாம்புக்கல் மலையைத் தாண்டி ஏரிக்கு இறங்கும் பாதையில். அந்தப் பாதையைக் கண்டுபிடித்ததே நான்தான்.

மீட்டரைப் பார்த்தேன். நண்பர்களின் வண்டிகள் எவ்வளவு ஓடியிருக்கின்றன என்பது எனக்கு மனப்பாடம். கடைசியாகப் பார்த்ததற்கு இப்போது நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஏறியிருந்தது. அவன் வீட்டுக்கும் பேக்கரிக்கும் நடுவில் இரண்டு தெரு. ரொட்டி கொண்டுபோகத் தனியாக வேன் இருக்கிறது.

பன்னிரண்டு வருடமாக நாங்கள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிளம்பிவிடுவோம். என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, இப்போது அதே பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிற வாத்தி முன்னால் போவான். பேக்கரி நடுவில். நான் கடைசி. மெக்கானிக் கடைசியில் வரவேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. எவன் வண்டி படுத்தாலும் நான் வந்து சேர்ந்துவிடுவேன். தவிர, பின்னால் இருந்தால்தான் முன்னால் போகிற வண்டிகளின் சத்தம் காதில் விழும்.

மூன்று வாரமாக அது நின்றுபோயிருந்தது. முதல் வாரம் வாத்திக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. அடுத்த வாரம் பேக்கரிக்குப் பெரிய ஆர்டர். மூன்றாவது வாரம் வாத்திக்கு முழங்கால் வலி. நானும் ஒரு முட்டாள், தைலம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் பேக்கரி தன் வண்டியை எடுக்க வந்தான். ஒன்றும் தெரியாதவன் மாதிரி வாயைக் கிளறினேன்.

"எங்கேயாவது தூரமா போயிருந்தியாடா?"

"எங்கே போறது? கடைக்கும் வீட்டுக்கும்தான் நேரம் சரியா இருக்கு."

"வண்டி நல்லா ஓடியிருக்கே."

"மச்சான் இரவல் கேட்டான். குடுத்தேன்." என் முகத்தைப் பார்க்காமல் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவன் மச்சானுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. காதில் பூ சுற்றுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

உள்ளே போய் மனைவியிடம் கொட்டினேன். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"சேறு இருந்தா என்ன இப்போ?"

"என்னைக் கழட்டி விட்டுட்டாங்கடி."

"உங்களுக்கு மனுஷன் சொல்றதைவிட மட்கார்டு சொல்றதுதான் வேதவாக்கு. சந்தேகமா இருந்தா நேரா போய்க் கேளுங்க. சும்மா என் உயிரை எடுக்காதீங்க."

நேராக வாத்தி வீட்டுக்குப் போனேன். முன்னறையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தான். வாசலில் அவன் பைக் பளபளவென்று நின்றது. அதைப் பார்த்ததுமே எனக்கு உறுதியாகிவிட்டது.

"வண்டியைக் கழுவியிருக்கியே வாத்தி?"

"தூசியா இருந்துச்சு."

"பன்னெண்டு வருஷமா தூசியாத்தான் இருக்கு."

என்ஜினுக்கு அடியில் கையை விட்டேன். கழுவத் தெரியாதவன் கழுவினால் அந்த இடத்தை விட்டுவிடுவான். விரலில் வெள்ளையாக வந்ததை அவன் மேசைமேல், விடைத்தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். வாத்தி பேனாவை மூடினான்.

"போனோம். மூணு ஞாயித்துக்கிழமையும் போனோம்."

பூசி மெழுகுவான் என்று எதிர்பார்த்திருந்தேன். இப்படிப் பட்டென்று ஒப்புக்கொள்வான் என்று நினைக்கவில்லை.

"கடைசியா நாம மூணு பேரும் போனப்ப நீ எத்தனை தடவை நிறுத்தினே தெரியுமா? பதினோரு தடவை. அதுல ரெண்டு தடவை ஒரே நட்டுக்கு."

"சத்தம் கேட்டுச்சுடா."

"எங்களுக்குக் கேக்கலையே. மலை மேல மேகம் இறங்குது, நாங்க வாயைப் பொளந்துகிட்டு நிக்கிறோம். நீ குனிஞ்சு அவன் சைலன்சர்கிட்ட காதை வெச்சுகிட்டு இருக்கே. உன்கூட வந்தா எங்களுக்கு வண்டி ஞாபகம்தான்டா இருக்கு. சொன்னா உன் மனசு கஷ்டப்படும்னு பேக்கரி சொன்னான். அதான் சொல்லலை."

"சொல்லாம போனா மனசு குளிரும்னு நெனச்சீங்களா?"

வாத்தி தலைகுனிந்தான். எனக்கு இவர்களை விட்டால் வேறு ஆள் கிடையாது. அது இவனுக்கும் தெரியும்.

"நாளைக்கு வா," என்றான். "ஏரிக்கே போவோம். ஆனா நீ முன்னாடி போ. நாங்க பின்னாடி வர்றோம். எங்க சத்தம் உனக்குக் கேக்கவே வேணாம். ஏரி வர்ற வரைக்கும் ஒரு தடவைகூட நிறுத்தக் கூடாது. நிறுத்தினா..."

மீதியை அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பட்டறைக்கு வந்து, கோபத்தில் கண் மண் தெரியாமல் என் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஷட்டரை இழுத்துச் சாத்தினேன்.

மறுநாள் கிளம்பினோம். பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக என் கண் முன்னால் யாருடைய பின் சக்கரமும் இல்லை. வாய்க்கால் ஓரமாகச் சாலை வளைந்து வளைந்து போனது. இரண்டு பக்கமும் சூரியகாந்தி வயல், மூடுபனிக்குள் பாதி மஞ்சள், பாதி வெள்ளை. ஒரு நாரைக் கூட்டம் எங்களோடு போட்டி போடுகிற மாதிரி கொஞ்ச தூரம் கூடவே பறந்தது. இதே சாலையில் எத்தனை முறை வந்திருப்பேன்! இந்த வயல் இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. வாத்தி சொன்னது நியாயம்தான் என்று தோன்றியது. அதை அவனிடம் ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வந்தார்கள். பேக்கரி என் வண்டியைக் காட்டி என்னவோ சொன்னான். வாத்தி தலையை ஆட்டினான். என்னைப் பற்றித்தான். கிண்டலாகத்தான் இருக்கும்.

மலை ஏறும்போது டக் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. பின் சக்கரம் லேசாக அலைவது போலவும் இருந்தது. ரோடு சரியில்லை என்று சொல்லிக்கொண்டேன். வேறு எவன் வண்டியாக இருந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பேன். இன்று நிறுத்தினால் அடுத்த ஞாயிறு கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

மலை உச்சியைத் தாண்டினால் ஏரி வரை இறக்கம், ஏழு வளைவு. உச்சியை எட்டியதும் பேக்கரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்து, என்னை மறித்து நிறுத்தினான்.

"உன் வண்டியில ஏதோ சத்தம் வருதுடா."

என் வசனம். எழுத்து மாறாமல் என் வசனம். பழி வாங்குகிறான் என்றுதான் நினைத்தேன். உடம்பெல்லாம் எரிந்தது.

"நக்கலா?"

"இல்லடா, நிஜமா. வாய்க்கால்லேருந்து கேட்டுகிட்டு வர்றேன். வாத்திகிட்டகூட சொன்னேன்."

"ரோடு அப்படி. வழியை விடு. நிறுத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவன் என் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டான். ரோட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனான், என்னைப் போலவே. பிறகு மாவு பிசைகிற அந்தத் தடித்த விரல்களால் அச்சு நட்டைத் தொட்டான். அது சுற்றியது. இன்னும் ஒரு சுற்று சுற்றியதும் அவன் கையோடு வந்துவிட்டது.

மூவரும் அந்த நட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். கீழே கீழே கீழே இறங்கிப் போகிற சாலையும் தெரிந்தது. நேற்று ஸ்பேனரைக் கீழே வைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இவர்களை வேவு பார்க்கப் போன அவசரத்தில் அதை நான் திரும்ப எடுக்கவே இல்லை.

வாத்தி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். நான் வண்டிப் பெட்டியில் இருந்த ஸ்பேனரை எடுத்து நட்டை முடுக்கினேன். ஸ்பேனர் இரண்டு முறை வழுக்கியது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ பின்னாடியே வர்றியாடா?" என்று பேக்கரியிடம் கேட்டேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

"வர்றேன். ஆனா எனக்கு எது நல்ல சத்தம், எது கெட்ட சத்தம்னு அவ்வளவா தெரியாது. சும்மா சும்மா நிறுத்துவேன். பரவாயில்லையா?"

சாவியை நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

ஏரி வருவதற்குள் அவன் இரண்டு முறை ஹாரன் அடித்து நிறுத்தினான். இரண்டு முறையும் வண்டியில் ஒன்றுமில்லை. இரண்டு முறையும் நான் இறங்கி, அவனோடு குனிந்து பார்த்தேன்.