மூன்றில் வைத்தால் மெதுவாகச் சுற்றும்

அந்த வீட்டு மேசை விசிறியின் ஸ்விட்ச் கெட்டு, எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில் ஓட ஆரம்பித்தது. மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்று மனைவி சொன்னதற்கு அவர் முறைத்த முறைப்பில், அந்த மெக்கானிக்கே பயந்து ஓடியிருப்பான். ஆலையில் சூப்பர்வைசர், ஒரு கூட்டத்தையே மேய்க்கிறவர். வீட்டுக்குள் இன்னொருவன் திருப்புளியோடு நுழைந்தால் மானம் போய்விடுமாம்.

புது ஸ்விட்ச் வாங்கி வந்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு விசிறியின் அடித்தட்டைக் கழற்றினார். அவள் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு வயரைக் கழட்டிப் புதுசுல மாட்டிட்டு, அடுத்ததைக் கழட்டுங்களேன். எது எங்கேன்னு குழம்பாது."

"லைட்டை நேரா புடி. அது போதும்."

எல்லா வயரையும் ஒரே இழுவையில் பிடுங்கினார். கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தார். பிறகு தோன்றியபடி மாட்டினார். ஒன்றில் வைத்தால் விசிறி பேயாய்ச் சுற்றியது. மூன்றில் வைத்தால் சோம்பல் முறித்தது.

"புது மாடல் எல்லாம் இப்படித்தான் வருது," என்றார்.

"ஆமாங்க, இப்பல்லாம் அப்படித்தான்," என்று அவளும் ஒத்து ஊதினாள்.

ஒத்து ஊதுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் அடித்த ஆணி வளைந்தால் சுவர் சரியில்லை. அவர் வழி தவறினால் தெருவை மாற்றிவிட்டார்கள். எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் தட்டு பறக்கும். அப்புறம் வாரக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதற்குப் பயந்தே அவளுக்குப் பழகிப்போனது.

இந்த நேரத்தில்தான் அவளுடைய தங்கை வந்தாள். கல்யாணமே வேண்டாம் என்று தனியாக ஓர் அறை எடுத்து, துணி தைத்துப் பிழைக்கிறவள். நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, உடம்பு தேற அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் வந்த பிறகு சமையலறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "ரூமைக் காலி பண்ணிட்டு இங்கேயே வந்துடுடி" என்று அக்கா ஓயாமல் நச்சரித்தாள். பேசுவதற்கு ஒரு மனுஷி இல்லாமல் அவள் காய்ந்து கிடந்தாள். தங்கையும் "பாக்கலாம்" என்கிற அளவுக்கு இறங்கி வந்திருந்தாள்.

ஒரு மத்தியானம் அக்கா கடைக்குப் போயிருந்தாள். கரண்ட் இல்லை. வந்தால் லேசான காற்று போதும் என்று விசிறியை ஒன்றில் வைத்துவிட்டு, தங்கை மாத்திரை மயக்கத்தில் தூங்கிப்போனாள். அதுவரை அந்த விசிறியைத் தொடும் வேலை அவளுக்கு இருந்ததில்லை. அக்கா திரும்பியபோது கரண்ட் வந்து, காற்று நேராகத் தங்கையின் மார்பில் அடித்துக்கொண்டிருந்தது. சாயங்காலமே காய்ச்சல் திரும்பிவிட்டது.

"பாத்து வைக்கக் கூடாதா? இந்த மாடல்ல ஒண்ணுதான் ஃபுல்லு. உங்கக்கா சொல்லலையா?" என்று அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"சொல்ல மறந்துட்டேன்," என்றாள் அவள்.

காய்ச்சல் விட்டதும் தங்கை பிடித்துக்கொண்டாள். "மாடலாவது மண்ணாவது! அத்தான் தப்பா மாட்டியிருக்காரு. உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்ப சரி பண்ணு. நான்தான் மாத்தினேன்னு அவருகிட்ட நீயே சொல்லு. சொன்னேன்னா நாளைக்கே ரூமைக் காலி பண்றேன்."

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் அவள் பிளக்கைப் பிடுங்கினாள், அடித்தட்டைத் திறந்தாள், இரண்டு வயர்களை இடம் மாற்றினாள். ஒன்றில் மெதுவாகவும் மூன்றில் வேகமாகவும் ஓடியது. இவ்வளவுதானா என்று அவளுக்கே ஆத்திரமாக வந்தது. தங்கை அவளைக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் அவர் வந்தார். சட்டையைக் கழற்றிக்கொண்டே வழக்கம்போல ஒன்றில் வைத்தார். விசிறி அசைந்து அசைந்து சுற்றியது.

"யாருடி இதுல கை வச்சது?"

தங்கை அக்காவைப் பார்த்தாள். அப்படி நம்பிக்கையோடு அவளை யாரும் பார்த்ததில்லை. சொல்ல வேண்டியது ஒரே வார்த்தைதான். தொண்டை வரைக்கும் வந்தது.

"யாரும் தொடலைங்க. தானா கோளாறாயிருக்கும். நீங்க பாத்தாத்தான் சரியாகும்."

அவர் முகம் மலர்ந்தது. உட்கார்ந்து அடித்தட்டைத் திறந்தார். இந்தத் தடவை வெறித்துப் பார்க்கவும் இல்லை, தடுமாறவும் இல்லை. நேராக அந்த இரண்டு வயர்களை மட்டும் எடுத்து, இடம் மாற்றி மாட்டினார். அப்படியென்றால் இத்தனை நாளும் அவருக்கும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

"நான் இல்லைன்னா இந்த வீடு என்ன ஆகுமோ," என்றார்.

"அதானே," என்றாள் அவள்.

தங்கை உள்ளே போய்த் துணிகளைப் பையில் அடுக்கத் தொடங்கினாள். அக்கா அந்த அறையின் வாசற்படி வரைக்கும் போய் நின்றாள். போகாதே என்று எந்த வாயால் சொல்வது?