நிலவறைக்காக ஒரு தரை

என் கொழுந்தன் ஒல்கியர்டைப் போல ஒரு தொல்லையைச் செஷின் ஊரிலேயே பார்க்க முடியாது. மாடியில் குடியிருப்பான், பகல் முழுக்க நிலவறையில், சரியாக என் படுக்கையறைக்குக் கீழே, பழைய மோட்டார் சைக்கிள்களை உறும விட்டுக்கொண்டிருப்பான். என் கணவர் ஸெனோன் போன பிறகு பாகம் பிரித்ததில் நிலவறை அவனுக்குப் போனது. ஆறு வருடமாக என் மண்டை இடிக்கிறது.

நிலக்கரிக் கொதிகலன் இனிக் கூடாது என்று இந்த வருடம் சட்டம் வந்தது. நிலவறைக் கொதிகலனிலிருந்து வெந்நீர் ஏற்றி மாடியைச் சூடாக்கிய பழைய இரும்புக் குழாய்கள் என் அறைகள் வழியாகத்தான் ஓடின. கழற்றுவது அவன் பொறுப்பு. நான் நோட்டரி முன்னால் நிபந்தனை எழுத வைத்தேன்: ஸெனோன் பதித்த ஓக் மரத் தரையில் ஒரு பலகை கெட்டாலும் நிலவறை எனக்கு.

"ஒரு கீறல் விழாது அண்ணி" என்று இளித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

பாவி, சொன்னபடியே செய்தான். கொதிகலனடியில் இருந்த குழாய்த் திருகைத் திறந்து தண்ணீரை வடித்தான். தரைமேல் கம்பளி, அதன்மேல் தகரம். தீப்பொறி பறக்கும் என்று மின்ரம்பத்தைத் தொடவேயில்லை, கைரம்பத்தால் அறுத்தான். துண்டுகளுக்குக் கந்தல் சுற்றி ஜன்னல் வழியே இறக்கினான். நான் டார்ச் விளக்கோடு குனிந்து குனிந்து பின்னாலேயே போனேன்.

"என்ன அண்ணி, தரைக்குப் பேன் பாக்குறீங்களா?"

"வாய மூடிட்டு அறு."

கடைசியில் சாப்பாட்டறை வாசல் மட்டும் மிச்சம். கதவுக்குக் குறுக்கே குழாய் போக முடியாதென்று ஸெனோன் அதை வாசற்படிப் பலகைக்கு அடியில் இறக்கி, அந்தப் பக்கம் ஏற்றியிருந்தார். அப்போது ஒல்கியர்ட் பட்டாளத்தில் இருந்தான். கீழே எவ்வளவு வடித்தாலும் அந்த வளைவில் தண்ணீர் தங்கிவிடும் என்பது எனக்குத் தெரியும்.

படிப்பலகையைத் தூக்கிப் பார்த்தவன் ரம்பத்தைக் கீழே வைத்தான்.

"அண்ணி, அண்ணன் இத கொதிகலன் பக்கம் சாய்ச்சுப் போட்டாரா? இல்லன்னா உள்ள தண்ணி நிக்கும். துணி வச்சு அடைச்சுத்தான் தூக்கணும்."

ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் கேலியில்லாமல் கேட்டான்.

"சாய்ச்சுத்தான் போட்டாரு. எல்லாம் வடிஞ்சிருக்கும். எடு."

இரண்டு முனையையும் அறுத்து, வளைவை வெளியே இழுத்துச் சாய்த்தான். பல வருடத்துத் துருத்தண்ணீர் கறுப்பாகக் கொட்டி, தகரத்தில் வழிந்து, கம்பளியில் ஊறித் தரையில் பரவியது. சட்டையைக் கழற்றி மண்டியிட்டுத் துடைத்தான்.

"துணி கொண்டாங்க! சீக்கிரம்! இரும்புத் தண்ணி பட்டா ஓக்கு கறுத்துடும்!"

துணி அலமாரி என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. நான் நகரவில்லை. மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத்தடை செய்கிற ஜாதி நான்.

சாயங்காலத்துக்குள் வாசலிலிருந்து மேசை வரை பலகைகள் மசி கொட்டியதுபோல் கறுத்தன. மனம் குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

மறுநாள் காலையில் நிலவறைச் சாவியைக் கொண்டுவந்து வைத்தான். நான் தயாராக வைத்திருந்த வசவு எதற்கும் வேலையில்லை.

"நீங்க பொய் சொன்னது தெரியும். நோட்டரிகிட்ட போகமாட்டேன், வச்சுக்கங்க" என்றான். "அண்ணன் கடைசியா மண்டி போட்டுச் செஞ்ச வேல இந்தத் தரை. முட்டி வீங்கி நடக்க முடியாம கெடந்தாரு. அதுக்காகத்தான் அண்ணி நான் அவ்வளவு பாத்துப் பாத்து அறுத்தேன். நிலவறைக்காக இல்ல."

போய்விட்டான். அன்று முழுவதும் உப்புத்தாளால் தேய்த்தேன். கறுப்பு மரத்துக்குள் இறங்கிவிட்டது.