வெய்யோ கழற்றிய வயர்

துய்யா போய்ச் சேர்ந்தபோது, வீட்டுச் சுவரோரம் இருந்த, வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்பின் வெளிப்பெட்டி முழுக்கப் பனிக்கட்டியாகிக் கிடந்தது. விசிறி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. ஃபின்லாந்தின் சோட்காமோ வட்டாரத்தில் பதினாறு வருஷமாக இந்த மெஷின்களைப் பழுது பார்க்கிறவள். இப்படியொன்றை அவள் கண்டதில்லை.

"பத்து நாளா வீட்டுக்குள்ள சூடே வரலம்மா. மட்டமான மெஷினைத் தலையில கட்டிட்டானுங்க," என்றார் வெய்யோ. வீட்டுக்காரர்; லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர்.

ஒரு மணி நேரம் பனியை உருக்கி, மூடியைக் கழற்றினாள். வால்வுக்குப் போகும் வயர் தனியே தொங்கியது. நுனியில் பதவிசாக டேப் சுற்றியிருந்தது.

"இதை யாரு கழட்டினது?"

வெய்யோ தூரத்தில் தெரிந்த ஏரிப் பக்கம் பார்த்தார். "எலியா இருக்கும்."

"டேப் சுத்துற எலியா?"

சமையலறை ஜன்னல் திறந்தது. அவர் மனைவி ஹெல்வி. "எழுபத்தொரு வயசு எலிம்மா! கண்ணாடி மாட்டிக்கிட்டு வந்துதான் கழட்டுச்சு."

வெய்யோவுக்குக் காது சிவந்தது. "பின்ன என்ன? முக்கால் மணிக்கொரு தடவை புஸ்ஸுன்னு ஆவி விடுது. அந்த வால்வு தெறந்தா, உள்ள வர்ற சூடு வெளியே போகுதுன்னு மெஷினோட வந்த புத்தகத்துலயே போட்டிருக்கான். ஃபின்லாந்து முழுக்க நானா சூடு போடணும்?"

துய்யா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "வெளிக்காத்துல இருக்கற சூட்டைத்தான் இது உறிஞ்சுது. அப்ப இந்தக் குழாயெல்லாம் காத்தைவிடச் சில்லுன்னு ஆயிடும். காத்துல உள்ள ஈரம் அதுமேல உறைஞ்சு, காத்துப் போக வழியில்லாம அடைச்சுக்கும். உடனே வால்வு தெறக்கும். கம்ப்ரசர்லேர்ந்து கொதிக்கக் கொதிக்க வர்ற கேஸ்ல ஒரு பங்கு, வீட்டுப் பக்கம் போகாம குறுக்குவழியா நேரா இங்க வந்து பனியை உருக்கும். அஞ்சே நிமிஷம். அப்புறம் மூடிக்கும்."

"அஞ்சு நிமிஷச் சூடு போச்சுல்ல?"

"அதை மிச்சம் புடிக்கப்போய் பத்து நாளு போச்சு!" என்றாள் ஹெல்வி. "ரெண்டு ஸ்வெட்டர், கம்பளித் தொப்பியோட தூங்கறேன். சௌனா நீராவி அறையிலதான் குடித்தனம்."

துய்யா வயரை மாட்டி, மெஷினை ஓடவிட்டு, சோதனைக்காக வால்வைத் திறக்க வைத்தாள். 'டக்' என்றது. விசிறி நின்றது. மிச்சமிருந்த பனி சொட்டச் சொட்ட, வெண்ணிறமாக ஆவி கிளம்பியது.

வெய்யோ உள்ளே போனார். ஒரு மடக்கு நாற்காலி, ஒரு கோப்பைக் காப்பி, லவங்கப்பட்டை போட்ட ஒரு பன்னோடு திரும்பி வந்து, ஆவிக்குள் உட்கார்ந்துகொண்டார்.

"வீணாப் போக விடமாட்டேன்."

"உடம்பு நனைஞ்சு உறைஞ்சு போவீங்க!" என்றாள் துய்யா.

"விடும்மா," என்றாள் ஹெல்வி. "வீட்டுக்குள்ள எனக்கும் கொஞ்சம் நிம்மதி வேணும்ல?" ஜன்னல் மூடிக்கொண்டது.

ஐந்தாவது நிமிஷம் ஆவி நின்றது. விசிறி சுழன்று சில்லென்ற காற்றை வெய்யோவின் முகத்தில் அடித்தது. பன்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அவ்வளவுதானா? அடுத்தது எப்ப?"

"முக்கால் மணி ஆகும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.